டபுள் கெப்புக்கு ஸ்பிரிங் மாற்றப் போகிறீர்களா? முதலில் எடையைப் பாருங்கள்

ஏழு மாதத்தில் மூன்று தடவை என் ஹைலக்ஸ் டபுள் கெப் பிக்கப்பின் பின்பக்கத்தைக் கழற்றிப் பூட்டியாகிவிட்டது. இப்போதுதான் நிம்மதியாக ஓடுகிறேன். வன்னிக்குள் சாமான் ஏற்றிக்கொண்டு தொழில் செய்கிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறோம். நான் பட்ட செலவையும் அலைச்சலையும் இன்னொருவர் படக்கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

குழாய்க்கிணற்று மோட்டர் இறக்கி ஏற்றுவதும் வெல்டிங்கும் என் வேலை. கிளிநொச்சியிலிருந்து ஒருநாள் புதுக்குடியிருப்பு, அடுத்தநாள் மாங்குளம், பிறகு ஒட்டுசுட்டான் என்று ஓட்டம். டீசல் ஜெனரேற்றர், வெல்டிங் பிளான்ட், ஒட்சிசன் சிலிண்டர், சாமான் பெட்டிகள், சங்கிலிக் கப்பி, முக்காலி நிறுத்தும் குழாய்கள் எல்லாம் எப்போதும் வாகனத்திலேயே இருக்கும். பாரம் இறங்குவதே இல்லை. இது பின்னால் முக்கியமாக வரும், நினைவில் வைத்திருங்கள்.

பின்பக்கம் தாழ்ந்து கிடந்தது. கிறவல் வீதியில் ஒவ்வொரு பள்ளத்துக்கும் அச்சு மேலே இருக்கிற பம்ப் ஸ்டொப் ரப்பரில் போய் இடிக்கும். இரவில் ஏ9 வீதியில் நான் லைற்றைத் தாழ்த்திப் போட்டிருந்தாலும் எதிரே வருகிற லொறிகள் எனக்கு வெளிச்சம் அடித்துக்கொண்டே போகும். பல்பில்தான் பிழை என்று நினைத்து மாற்றினேன். வால் தாழ்ந்தால் மூக்கு நிமிர்ந்து, லைற் நேரே எதிரில் வருபவரின் கண்ணுக்குப் போகும் என்பது பிறகுதான் விளங்கியது.

முதல் பிழை ஷொக் அப்சோபர். இரவு பஸ்ஸில் கொழும்புக்குப் போய் பஞ்சிகாவத்தையில் ஒரு கடையில் கேட்டேன். "இந்த ஹெவி டியூட்டி ஷொக்கைப் போடுங்கள் தம்பி, எவ்வளவு பாரமும் தாங்கும்" என்றார் கடைக்காரர். நான்கும் வாங்கி வந்து பூட்டினேன். உயரம் ஒரு விரல்கூடக் கூடவில்லை. கூடவும் மாட்டாது. பாரத்தைத் தாங்குவது ஸ்பிரிங். ஸ்பிரிங் மேலும் கீழும் ஆடுவதை அடக்குவதுதான் ஷொக்கின் வேலை. இதைக் கடைக்காரர் அறியாமல் இருந்திருக்க மாட்டார். கேட்டபோது, பெட்டி உடைத்த சாமானைத் திருப்பி எடுப்பதில்லை என்று போனை வைத்துவிட்டார்.

இரண்டாவது பிழை இன்னும் பெரியது. பக்கத்து ஸ்பிரிங் பட்டறை ஒன்றில், பழைய லொறி ஸ்பிரிங்கிலிருந்து வெட்டிய இரண்டு பிளேட்டுகளைப் பக்கத்துக்கு இரண்டாகச் சேர்த்தார்கள். அரை நாளில் வேலை முடிந்தது. வால் நிமிர்ந்தது, எனக்கும் சந்தோஷம். ஆனால் லொறி பிளேட்டின் வளைவு வேறு, என் வாகனத்துப் பிளேட்டின் வளைவு வேறு. இரண்டும் முழு நீளத்துக்கும் ஒட்டாமல் சில இடங்களில் மட்டும் அழுத்தின. ஸ்பிரிங்கை அச்சோடு இறுக்கிப் பிடிக்கிற யு போல்ட்டையும் பழையதையே திருப்பிப் போட்டார்கள். சில நாள் ஓடிவிட்டு வந்து ஒருமுறை இறுக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை.

மூன்றாம் கிழமை, ஒட்டுசுட்டானிலிருந்து நெடுங்கேணிக்குப் போகிற வழியில் பின்னால் ஒரு வெடிச் சத்தம். பிளேட்டுகளை நடுவில் கோர்த்துப் பிடிக்கிற சென்டர் போல்ட் இடப்பக்கத்தில் முறிந்து, அச்சு ஒரு பக்கம் பின்னுக்குப் போய்விட்டது. ஸ்டியரிங்கை நேரே பிடித்தாலும் வாகனம் நண்டு மாதிரிச் சரிந்து ஓடியது. உழவு இயந்திரத்தில் வந்த ஒரு அண்ணை சங்கிலியால் அச்சை இழுத்துக் கட்டித் தந்தார். 20 கிலோமீற்றர் வேகத்தில் வீடு வந்து சேரப் பொழுது பட்டுவிட்டது. யு போல்ட் தளர்ந்தால் பாரம் முழுக்க அந்தச் சின்ன சென்டர் போல்ட்டில்தான் விழும். அது தாங்காது.

இன்னொரு ஆபத்தும் அதற்குள் ஒளிந்திருந்தது. போல்ட் முறிவதற்கு ஒரு கிழமை முன், முறிகண்டிப் பிள்ளையாரடியில் பஸ் ஒன்று திடீரென்று ஓரங்கட்டியது. பிரேக்கை மிதித்தேன். மூக்கு குத்தியது, பின் சில்லுகள் பிடிக்கவே இல்லை. ஒரு சாண் இடைவெளியில்தான் நின்றேன். காரணம் பிறகு தெரிந்தது. என்னுடையதைப் போன்ற வாகனங்களில் பின் அச்சுக்கும் செசிக்கும் (வாகனத்தின் அடிச்சட்டம்) நடுவே ஒரு கம்பி இருக்கும். அது ஒரு வால்வோடு சேர்ந்தது. வால் தாழ்ந்தால் பாரம் இருக்கிறது என்று பின் பிரேக்குக்கு அழுத்தம் கூட விடும், வால் உயர்ந்தால் வெறும் வாகனம் என்று குறைத்துவிடும். நான் பாரத்தோடு வாலை நிமிர்த்தி வைத்திருந்தேன். அந்த வால்வு, வாகனம் வெறுமையாக இருக்கிறது என்று நினைத்து பின் பிரேக்கைக் குறைத்துக்கொண்டிருந்தது. ஸ்பிரிங் உயர்த்துகிறவர்கள் இந்தக் கம்பியைச் சரிசெய்யாமல் வீதியில் இறங்காதீர்கள். பட்டறையில் அவர்களாகச் செய்வார்கள் என்று நம்ப வேண்டாம், நீங்களே கேளுங்கள்.

அதற்குப் பிறகுதான் வவுனியாவில் ஒரு வயதான மெக்கானிக்கிடம் போனேன். அவர் வாகனத்துக்குக் கீழே குனியக்கூட இல்லை.

"எடை எவ்வளவு தம்பி?"

"ஒரு அறுநூறு, எழுநூறு கிலோ சாமான் இருக்கும் ஐயா."

"இருக்கும் எண்ட கணக்குக்கு ஸ்பிரிங் இல்லை. நிறுத்துக்கொண்டு வா."

வாகனத்தை நிறுக்கிற வே பிரிட்ஜ் தேடுவது ஒரு தனி அலைச்சல். காலபோக அறுவடை நேரம். அரிசி ஆலை ஒன்றுக்குப் போனால் நெல் ஏற்றிய உழவு இயந்திரங்கள் வாசல்வரை வரிசையில் நின்றன. எடைத் துண்டு போடுகிற பையன் நிமிர்ந்தே பார்க்காமல், "நெல்லு வாகனத்துக்கு மட்டுந்தான்" என்றான். காசு தருகிறேன் என்றேன், கேட்கவில்லை. 35 கிலோமீற்றர் போய் வந்தது வீண். அடுத்த ஞாயிறு போனேன், பூட்டு. மூன்றாம் தடவை விடிய ஆறு மணிக்கே போய் முதலாளியிடம் நேரே கதைத்தேன். ஐந்து நிமிடத்தில் வேலை முடிந்தது. வாசலில் நிற்பவரிடம் மல்லுக்கட்டாமல் முதலாளி வருகிற நேரத்தை விசாரித்துக்கொண்டு போங்கள்.

அங்கே மூன்று எடை எடுக்க வேண்டும். முழு வாகனமும் தட்டில் ஒன்று, முன் சில்லுகள் மட்டும் ஒன்று, பின் சில்லுகள் மட்டும் ஒன்று. டாங்கி நிறைய எண்ணெய் இருக்கட்டும், வழக்கமாக ஏறுகிற ஆட்களும் உள்ளே இருக்கட்டும். எனக்கு வந்தது: மொத்தம் 2,860 கிலோ, முன் 1,060, பின் 1,800. பதிவுப் புத்தகத்தில் உச்ச எடை 2,700. நான் 160 கிலோ கூட ஏற்றிக்கொண்டு ஓடியிருக்கிறேன். எந்த ஸ்பிரிங்கைப் போட்டாலும் புத்தகத்தில் உள்ள இந்த எண் உயராது. பிரேக்கும் பெயாரிங்கும் அச்சும் அதே பழையவைதானே.

ரயரைப் பார்த்தபோதுதான் உண்மையில் பயம் வந்தது. பக்கச் சுவரில் அளவுக்குப் பக்கத்தில் ஓர் எண் இருக்கும், ஒரு ரயர் எவ்வளவு தாங்கும் என்பதற்கான குறி அது. என்னுடையதில் 98. அதாவது ஒரு ரயருக்கு 750 கிலோ, இரண்டுக்கும் 1,500. நான் அதன்மேல் 1,800 கிலோவை வைத்து மாதக்கணக்காக ஓடியிருக்கிறேன். 110 என்று குறித்த ரயர் 1,060 கிலோ தாங்கும். அன்றைக்கே நான்கையும் மாற்றினேன்.

மெக்கானிக் ஐயா எடைத் துண்டைப் பார்த்துவிட்டு, ஸ்பிரிங் விஷயம் பேசாமல் சாமானை மாற்றி அடுக்கச் சொன்னார். பின் கதவுக்கு வெளியே நான் வெல்டிங் செய்து வைத்திருந்த சட்டமும் அதில் நின்ற இரண்டாவது சிலிண்டரும் சேர்த்து 100 கிலோ. அது பின் அச்சிலிருந்து ஒரு மீற்றர் பின்னால் தொங்கியது. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடை ஏறக்குறைய மூன்று மீற்றர். தராசுக் கோல் கணக்குத்தான்: அந்த 100 கிலோ பின் அச்சில் 133 கிலோவாக அழுத்தி, முன் அச்சிலிருந்து 33 கிலோவைத் தூக்கிவிடுகிறது. சட்டத்தை வெட்டி எறிந்தேன். பழைய மோட்டர் உதிரிகள் 90 கிலோவை வீட்டில் இறக்கினேன். 160 கிலோ ஜெனரேற்றரைக் கதவடியிலிருந்து கெபினோடு ஒட்டி நகர்த்தினேன். திரும்ப நிறுத்தபோது மொத்தம் 2,670, முன் 1,140, பின் 1,530. ஒரு போல்ட்கூட வாங்காமல் பின் அச்சில் 270 கிலோ குறைந்தது! அன்று எனக்கு வந்த சந்தோஷம் கொஞ்சமில்லை.

அச்சுக்கும் செசிக்கும் நடுவே வைக்கிற காற்றுப் பையான ஏர் பாக் போடலாமா என்று கேட்டேன். ஒரு கடையில் அதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். ஒருநாள் பாரம், மறுநாள் வெறுமை என்று ஓடுகிறவருக்கு அது நல்லது, காற்றைக் கூட்டிக் குறைக்கலாம். ஆனால் ஸ்பிரிங் செசியை இரண்டு முனையில் தாங்குகிறது, ஏர் பாக் நடுவில் ஒரே இடத்தில் முட்டுகிறது. வாலில் பாரத்தைத் தொங்கவிட்டுக் குழிகளில் ஓடினால் டபுள் கெப்பின் செசி கெபினுக்குப் பின்னால் வளைந்துபோகும். என் பாரம் எப்போதும் இருப்பது. அதனால் நிரந்தரச் சுமைக்கென்று தரம் பிரித்து விற்கிற முழு ஸ்பிரிங் செட்டையே எடுத்தோம். ஸ்பிரிங் முனைகளைப் பிடிக்கிற புஷ், செக்கிள், அத்தோடு யு போல்ட் எல்லாம் புதியவை. ஷொக் முன்பு வாங்கியதே பொருந்தியது. பூட்டிய அன்றே பிரேக் வால்வின் கம்பியைச் சரிசெய்து, அலைன்மென்ட் பார்த்து, லைற்றையும் இறக்கினோம்.

500 கிலோமீற்றர் ஓடிய பிறகு யு போல்ட்டை இறுக்கினேன். எல்லா நட்டும் அரைச் சுற்றுக்குப் போயின. முன்பு இதைச் செய்யாமல் விட்டதால்தான் அன்று நெடுங்கேணி வழியில் நின்றேன். போன கிழமை இரணைமடுப் பக்கம் ஒரு கிணற்று வேலை முடிந்து இரவு பத்து மணிக்கு ஏ9 வழியாக வந்தேன், ஒரு லொறிகூட வெளிச்சம் அடிக்கவில்லை.

முன்பக்கம் இப்போது 80 கிலோ கூடியிருக்கிறது, இடப்பக்க முன் சில்லில் சின்னதாக ஒரு சத்தம். அடுத்த மாதம் வவுனியாவுக்குக் கொண்டுபோக வேண்டும். போகும் வழியில் ஆலையில் முன் எடையை இன்னொருமுறை எடுத்துத் துண்டையும் கையோடு கொண்டுபோகிறேன்.