மனேஜரைக் கலைச்சுப் போட்டாங்கள்

2022 ஜூலை 13 இரவு. கரண்ட் இல்லை. மோட்டார் சைக்கிள் இரண்டாவது நாளாக ஏ9 வீதிக்கரையில் பெற்றோல் வரிசையில் நிற்கிறது. நான் உருத்திரபுரத்தில் விறாந்தையில் பாயைப் போட்டுவிட்டு நுளம்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். ஸ்காபரோவிலிருந்து அக்காவின் மகன் வட்ஸ்அப்பில் எடுத்தான்.

"மாமா, கலைச்சுப் போட்டாங்கள்!"

"அந்தாள் விடியப்பறமே மாலைதீவுக்குப் போயிட்டுது. உனக்கு இப்பதானே தெரியும்?"

"ஐயோ மாமா, கோட்டாவை இல்லை. எங்கட மனேஜரை."

"ஆரை, பாங்க் மனேஜரையோ?"

எங்கள் பக்கத்தில் மனேஜர் என்றால் இரண்டு பேர்தான். ஒருவர் பாங்கில் இருப்பார், மற்றவர் கூட்டுறவுச் சங்கக்கடையில் இருப்பார். அவன் சொன்னதோ ரொறன்ரோ புளூ ஜேய்ஸ் என்ற பேஸ்போல் அணியின் மனேஜர், சார்லி மொன்ரோயோவை. அந்த விளையாட்டில் தலைமைப் பயிற்றுநரைத்தான் மனேஜர் என்கிறார்களாம். யார் பந்தெறிவது, எப்போது ஆளை மாற்றுவது என்பதெல்லாம் அவர் பாடு. ஐம்பது வயது தாண்டியும் பொடியங்களைப் போல இலக்கம் போட்ட உடுப்போடு குந்தியிருப்பார். நான் எங்கள் ஊர்ப் பந்தடி விளையாட்டான எல்லே அடித்து வளர்ந்தவன். ஓடுகிறவனின் முதுகைக் குறிவைத்துப் பந்தெறிவதில்தான் எனக்குப் பெயர். எங்களுக்கும் விசிலோடு ஒரு பி.ரி. சேர் இருந்தார். எத்தனை தரம் தோற்றோம், அவரை ஒருவரும் கலைக்கவில்லை.

"கனக்கத் தோத்தவையோ?" என்று கேட்டேன்.

"46 வெற்றி, 42 தோல்வி."

வென்றதுதான் கூட! அன்று நாட்டைவிட்டுப் போன ஜனாதிபதி கோட்டாவிடம் இப்படியொரு கணக்கு இருந்திருந்தால், ஜனாதிபதி மாளிகை நீச்சல் தடாகத்தில் சனம் இறங்கிக் குளித்திருக்காது. அதுவும் ஏப்ரலில்தான் மொன்ரோயோவின் ஒப்பந்தத்தை நீட்டியிருந்தார்களாம். ஜூலை பிறந்ததிலிருந்து தோல்விதான் கூட. அந்த மாதத் தொடக்கத்தில்தான் அணியின் பயிற்றுநர் ஒருவருடைய மகள் விபத்தில் இறந்துபோனார். ஸ்கோர் பலகையில் அதற்கெல்லாம் கட்டம் இல்லை.

கரண்ட் வந்தபிறகு அவன் அனுப்பிய லிங்குகளைத் திறந்தேன். கொஞ்சக்காலம் ஒரு பத்திரிகைக்குப் பிராந்திய நிருபராக இருந்தவன் நான். பேஸ்போல் விளங்காவிட்டாலும் செய்தி விளங்கும். 'பொறுப்பிலிருந்து விடுவிக்கப்பட்டார்' என்ற மாதிரி வசனத்தைக் கண்டால், விடுவித்தது யார் என்றுதான் முதலில் தேடுவேன்.

அணியின் சொந்தக்காரர் ரொஜர்ஸ் கொம்பனி. மைதானத்தின் பெயர் ரொஜர்ஸ் சென்ரர். ஆட்டங்களைக் காட்டுகிற ஸ்போர்ட்ஸ்நெற் சனலும் ரொஜர்ஸ். போதாததற்கு, மருமகன் என்னோடு கதைத்துக்கொண்டிருந்த வீட்டு இன்ரநெற்றும் ரொஜர்ஸ்தான். கலைத்தவரின் வீட்டு மேசையிலேயே கலைத்த செய்தியையும் எழுதுகிறார்கள். அங்கு வேலை செய்கிறவர்கள் எல்லோரும் வாய்பொத்திகள் என்று நான் சொல்ல வரவில்லை. விசயம் தெரிந்த நிருபர்கள் அங்கேயும் இருக்கிறார்கள், அவன் அவர்களைத்தான் முதலில் வாசிக்கிறான். ஆனாலும் வாசித்த கையோடு ரொஜர்ஸுக்குப் போட்டியான பெல் கொம்பனியின் ரி.எஸ்.என். சனல் பக்கம் போய் இன்னொருக்கால் பார்ப்பானாம். "அங்க எழுதினதை இங்க தேடுவன், இங்க இல்லாததை அங்க தேடுவன்" என்றான். கனடாவில் வளர்ந்த பிள்ளைக்கு இந்தப் புத்தி எங்கிருந்து வந்தது? எங்கள் சனம் பேப்பரில் இல்லாததை வாசித்தே பழகிய சனம். அது பிள்ளைகளிலும் ஒட்டும்போல.

நான் நிருபராக இருந்த காலத்தில் ஒரு கிராமத்துச் சங்கக்கடை மனேஜரை நிற்பாட்டினார்கள். இருப்பில் சீனி மூட்டைகள் குறைகின்றனவாம். இரண்டு நாள் சைக்கிளில் அலைந்து விசாரித்தேன். மூட்டைகளை எடுக்கச் சொன்ன துண்டு நிர்வாகசபை ஆள் ஒருவரின் கையெழுத்தோடு இருந்தது. மனேஜர் அதைப் பத்திரமாக வைத்திருந்தார். இருபது வரி எழுதி அனுப்பினேன். மூன்று வரிதான் அச்சில் வந்தது: மனேஜர் விடுவிக்கப்பட்டார், புதியவர் பொறுப்பேற்றார், நுகர்வோருக்குத் தடையின்றிச் சேவை. நிர்வாகசபை ஆளின் கடை விளம்பரம் அதே பக்கத்தில், என் மூன்று வரிக்கு நேர் கீழே. நான் சண்டை பிடிக்கவில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும். அச்சான செய்திக்கு மட்டும் காசு தருகிற வேலை அது. விடியத் தேத்தண்ணிக் கடைக்குப் போனால், வெட்டுப்பட்ட பதினேழு வரியையும் சனம் எனக்கே திருப்பிச் சொல்லுது!

ரொறன்ரோவில் ஆட்களைத் தேர்ந்தெடுத்து அணியைக் கட்டியவர் பொது முகாமையாளர் றொஸ் அற்கின்ஸ். அவர் கதிரையில் அப்படியே இருந்தார். உதவிக்கு இருந்த ஜோன் ஷ்னைடர் மனேஜரானார். அடுத்த வருசம் மின்னசோட்டா அணியுடன் பிளேஓவ் என்ற சீசன் முடிவுச் சுற்று ஆட்டம் ஒன்றில், நன்றாக எறிந்துகொண்டிருந்த ஹொசே பெரியோஸை 47 பந்துகளோடு வெளியே எடுத்தபோது ஊரே கொதித்ததாம். முடிவு மனேஜருடையதா, மேலே இருக்கிற ஒவீஸுடையதா என்பதுதான் அப்போதும் கேள்வி. அந்தக் கிழமை மருமகன் எடுத்தபோது, "துண்டு ஆற்றையாம்?" என்று மட்டும் கேட்டேன். சீனி மூட்டைக் கதை அவனுக்குத் தெரியும், சிரித்தான். 2025 இல் அதே ஷ்னைடர் அணியை உலகத் தொடர் என்ற இறுதிப் போட்டியின் ஏழாவது ஆட்டம்வரை கொண்டுபோய்த் தோற்றார். அப்போது ஒருவரும் ஒருவரையும் கலைக்கச் சொல்லவில்லை. 1993 க்குப் பிறகு அவ்வளவு தூரம் போனதே அதுதான் முதல் தடவை.

அந்த ஜூலை இரவுக்கு அடுத்த நாள் விடிய வரிசைக்குப் போனேன். என் மோட்டார் சைக்கிள் நான்கு இடம் முன்னுக்கு நகர்ந்திருந்தது. பெற்றோல் பவுசர் வரவில்லை. கோட்டா இராஜினாமாக் கடிதம் கொடுத்தாரா இல்லையா என்று ஆளுக்கொரு கதை. நானும் என் பங்குக்கு, கனடாவில் 46 ஆட்டம் வென்ற மனேஜரைக் கலைத்துவிட்டார்கள் என்றேன்.

எனக்குப் பின்னால் நின்ற பெரியவர் கானைக் கீழே வைத்தார்.

"எந்தச் சங்கம் தம்பி?"