அக்கா, எப்ப வரைக்கும் வருவீங்க?
சிறுவர் இல்லத்திலிருந்து பல்கலைக்கழக வளாகத்துக்குப் போகும் பிள்ளைகளோடு களப்பயிற்சி செய்பவர்களுக்கும் அவர்களைப் பயிற்றுவிப்பவர்களுக்கும்

சமூகப்பணி மாணவர் ஒருவர் பிள்ளைகளைச் சந்திக்கத் தொடங்கும் முதல் வாரத்திலேயே அவர்கள் கேட்கும் கேள்வி இது. பெரும்பாலான பயிற்சியாளர்கள் (களப்பயிற்சி பெறும் மாணவர்கள்) சிரித்து மழுப்பிவிடுகிறார்கள். ஒரு பதினைந்து கிழமையில் போகப் போகிறவர், போக மாட்டாதவர் போலப் பழகத் தொடங்கும் இடம் அதுதான். இல்லத்தில் வளர்ந்த பிள்ளை பொறுப்பாளர்கள் மாறுவதைப் பார்த்திருக்கும். தொண்டர்கள் வந்து படம் எடுத்துக்கொண்டு போவதையும் பார்த்திருக்கும். அந்த வரிசையில் இன்னொருவரைச் சேர்ப்பதற்குப் பயிற்சி தேவையில்லை. தான் போன பிறகும் நிற்கக்கூடிய ஆட்களையும் ஆவணங்களையும் பிள்ளையைச் சுற்றிச் சேர்த்துவிட்டுப் போகத் தெரிவதுதான் பயிற்சி.

வயதுக் கணக்கு முதலில் விளங்க வேண்டும். சட்டப்படி இல்லத்தின் பொறுப்பு 18 வயதோடு முடிகிறது. உயர்தரப் பரீட்சை எழுதுவதும் 18, 19 வயதில்தான். பெறுபேறு வந்து, பல்கலைக்கழக அனுமதிக்கான வெட்டுப்புள்ளி வெளியாகி, பதிவு முடிந்து, விரிவுரை தொடங்க மாதக்கணக்கில் செல்லும். அந்த இடைவெளியில் பிள்ளைக்கு இல்லமும் இல்லை, விடுதியும் இல்லை. எங்காவது ஒரு உறவினர் வீட்டு விறாந்தையில் படுத்து, கடையில் வேலைக்குச் சேர்ந்து, பதிவுத் திகதியைத் தவறவிடும் பிள்ளைகள் இங்கேதான் கைநழுவுகிறார்கள். ஆகவே களப்பயிற்சி வளாக வாசலில் தொடங்கக் கூடாது. பிள்ளை உயர்தர இரண்டாம் வருடத்தில் இருக்கும்போதே தொடங்க வேண்டும். அப்போது நன்னடத்தை அலுவலரும் பொறுப்பாளரும் சட்டப்படி பொறுப்பில் இருப்பார்கள், அவர்களிடம் கடிதம் வாங்கலாம். 18 தாண்டிய பிறகு பிள்ளை வளர்ந்தவர். அவருடைய சம்மதமில்லாமல் ஒரு தொலைபேசி அழைப்புக்கூட எடுக்க முடியாது, எடுக்கவும் கூடாது.

நாங்கள் பரிந்துரைக்கும் அளவு: கிழமைக்கு இரண்டு நாள், நாளுக்கு ஏழு மணித்தியாலம், 15 கிழமை, மொத்தம் 210 மணித்தியாலம். ஒரு பயிற்சியாளருக்கு மூன்று பிள்ளைகள், மிஞ்சினால் நான்கு. ஐந்தாவது பிள்ளை சேர்ந்தால் யாராவது ஒருவருடைய படிவம் மேசையிலேயே கிடக்கும். மேற்பார்வை கிழமைக்கு ஒரு மணித்தியாலம், தனியாக. கூட்டு மேற்பார்வை இதற்கு ஈடாகாது, ஏனெனில் மற்றவர்கள் முன்னிலையில் "எனக்கு அந்தப் பிள்ளையைப் பார்க்க அழுகை வந்தது" என்று ஒரு மாணவர் சொல்லமாட்டார்.

முதல் இரண்டு கிழமை பிள்ளையைச் சந்திக்கவே விடாதீர்கள். அந்த நாட்களில் பயிற்சியாளர் பாதையை நடந்து பார்க்கட்டும். நிலாவெளி வீதியில், கோணேசபுரியிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் வரை பஸ்ஸில் போய், மாணவர் நலன்புரிப் பிரிவு எந்தக் கட்டடம், புலமைப்பரிசில் விண்ணப்பத்தை எந்த மேசையில் எடுக்கிறார்கள், மாணவர் ஆலோசகரை எந்த நாளில் சந்திக்கலாம் என்று பார்த்து எழுதி வரட்டும். மூதூரிலிருந்தோ வெருகலிலிருந்தோ வரும் பிள்ளைக்குக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்பதும் அதே கொப்பியில் இருக்க வேண்டும். நன்னடத்தை அலுவலர், சிறுவர் உரிமை மேம்பாட்டு அலுவலர், கிராம உத்தியோகத்தர் ஆகியோரை நேரில் சந்தித்துத் தன்னை அறிமுகப்படுத்தட்டும். அலுவலர் மாறினால் அந்தப் பெயரை அழித்துப் புதிய பெயரை எழுதுவதும் வேலைதான்.

அடுத்தது ஆவணக் கோப்பு. இதைச் சுவாரசியமில்லாத எழுதுவினைஞர் வேலை என்று மாணவர்கள் நினைக்கிறார்கள். உண்மையில் பிள்ளையின் படிப்பு நிற்பதும் விழுவதும் இங்கேதான். பிறப்பத்தாட்சிப் பத்திரம், தேசிய அடையாள அட்டை, சாதாரணதர, உயர்தரப் பெறுபேறுகள், பாடசாலை விடுகைப் பத்திரம், பிள்ளையை இல்லத்தில் சேர்த்த நீதிமன்றக் கட்டளையின் பிரதி, கிளினிக் கொப்பி, வங்கிப் புத்தகம். எல்லாவற்றிலும் பெயர் ஒன்றாக இருக்கிறதா என்று எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். பிறப்புப் பதிவில் தகப்பன் பெயர் இல்லாமல் இருக்கும். பாடசாலைப் பதிவில் யாரோ ஒரு முதலெழுத்தைச் சேர்த்திருப்பார்கள். அடையாள அட்டையில் ஆங்கில எழுத்துக்கூட்டு வேறாக இருக்கும். வங்கியில் புலமைப்பரிசில் பணம் திரும்பிப் போகும்போதுதான் இது வெளியே வரும். பிறப்புப் பதிவே இல்லாவிட்டால் காலங்கடந்த பதிவுக்கு உடனே விண்ணப்பியுங்கள், அது மெல்ல நகரும் வேலை. பிரதேச செயலகத்தின் பதிவாளர் பிரிவில் உறுதிப்படுத்திய பிரதிகள் குறைந்தது மூன்று எடுத்து வையுங்கள். மூலப் பிரதி பிள்ளையின் கையில், பிளாஸ்டிக் உறையில். மார்கழி மழையில் நனைந்த பத்திரத்தை எந்த மேசையும் ஏற்காது. ஒரு செற் பிரதி பிள்ளை நம்பும் ஒரு பெரியவரிடம் இருக்கட்டும். பயிற்சியாளரின் பையில் எதுவும் இருக்கக் கூடாது.

மாவட்டப் பிரச்சினையைத் தனியாகச் சொல்ல வேண்டும். பல்கலைக்கழக அனுமதியில், கலைப்பிரிவு தவிர்ந்த பெரும்பாலான கற்கைநெறிகளுக்கு 40 வீத இடம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும் 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும் 5 வீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கும் போகிறது. திருகோணமலை அந்தப் பதினாறில் ஒன்று. மட்டக்களப்பிலோ முல்லைத்தீவிலோ பிறந்து, இடையில் இரண்டு இல்லங்கள் மாறி இங்கே வந்த பிள்ளை, தான் எந்த மாவட்டம் என்பதை ஆவணங்களால் நிறுவ வேண்டிவரும். இல்லத்தில் சேர்ந்த திகதி, பாடசாலையில் சேர்ந்த திகதி இரண்டையும் இல்லப் பதிவேட்டிலிருந்து எடுத்து, பொறுப்பாளரின் கையொப்பத்தோடு ஒரு கடிதமாக்கி வைத்திருங்கள். 18 வயதாகும்போது வாக்காளர் இடாப்பில் பெயர் எந்த முகவரியில் ஏறுகிறது என்பதையும் பாருங்கள். இல்லத்தை விட்டு வெளியேறிய பிறகு "இந்தப் பிள்ளை என் பிரிவில் இல்லையே" என்று கிராம உத்தியோகத்தர் சொன்னால் அவரைக் குறைசொல்ல முடியாது.

பிறகு வருமானக் கேள்வி. பல்கலைக்கழக மாணவருக்குக் கிடைக்கும் மகாபொலப் புலமைப்பரிசிலுக்கும் உதவுதொகைக்கும் குடும்ப வருமானத்தை உறுதிப்படுத்த வேண்டும். 2025 வரவு செலவுத் திட்டத்தில் மகாபொல மாதம் 5,000 ரூபாவிலிருந்து 7,500 ரூபாவாகவும் உதவுதொகை 4,000 ரூபாவிலிருந்து 6,500 ரூபாவாகவும் உயர்த்தப்பட்டன. பணத்தின் அளவைவிடப் பிள்ளையைத் தடுப்பது படிவத்திலுள்ள ஒரு கட்டம். இதை மேற்பார்வை நேரத்தில் நடித்துப் பழக வேண்டும். ஒருவர் பிள்ளையாகவும் மற்றவர் பயிற்சியாளராகவும் இருந்து, மூன்று நிரலில் பதிவு எழுதுங்கள்: பேசிய சொல், அப்போது எனக்குள் என்ன நடந்தது, மேற்பார்வையாளர் குறிப்பு. ஒரு பகுதி இப்படி இருக்கும்:

"அக்கா, அப்பாட வருமானம் எண்டு இருக்கு. நான் என்ன எழுதுற?"

"அப்பா இல்லையா தம்பி?"

பிள்ளை பேனாவை மூடிவிடுகிறது.

இரண்டாம் நிரலில் மாணவர்: "அவசரமாகக் கேட்டுவிட்டேன், விவரம் தெரிய வேண்டும் என்று நினைத்தேன்." மூன்றாம் நிரலில்: "படிவத்துக்கு இந்த விவரம் தேவையா? உங்களுக்குத் தேவையா?" மறுபடி நடிக்கும்போது பயிற்சியாளர் இப்படிச் சொல்லிப் பார்க்கலாம்: "இந்தக் கட்டத்தை நீங்க நிரப்பத் தேவையில்ல தம்பி. இல்லத்தில இருந்து ஒரு கடிதம் வைப்பம். கடிதத்தில என்ன எழுதலாம், என்ன எழுதக் கூடாது எண்டு நீங்க சொல்லுங்க." பிள்ளை சொல்லும் வரிகள் மட்டும் கடிதத்தில் போக வேண்டும். நீதிமன்றக் காரணங்கள், பெற்றோரின் குற்றம், நோய் எதுவும் வருமானத்துக்கு வேண்டியதில்லை. அமெரிக்காவின் மத்திய அரசு மாணவர் உதவிப் படிவத்தில், 13 வயதுக்குப் பிறகு எப்போதாவது வளர்ப்புப் பராமரிப்பில் இருந்தவரைச் சுயாதீன மாணவராகக் கணக்கெடுப்பார்கள். பெற்றோர் வருமானம் கேட்கப்படுவதில்லை. இங்கே அந்த வேலையை ஒரு நல்ல கடிதம் செய்ய வேண்டும்.

உதவிப்பணம் முதல் நாளிலேயே வராது. மெத்தை, விரிப்பு, வாளி, கோப்பை, போட்டோக்கொப்பி, பஸ் காசு, சித்த மருத்துவமோ பிரயோக விஞ்ஞானமோ படிப்பதென்றால் மேலங்கி: இவற்றுக்கும் மூன்று மாதச் சாப்பாட்டுக்குமான பணத்தை விரிவுரை தொடங்குமுன் யார் தருவார் என்று எழுத்தில் தீர்மானியுங்கள். பயிற்சியாளர் தன் காசைக் கொடுக்கக் கூடாது. ஐந்நூறு ரூபா கொடுத்த அன்றிலிருந்து பிள்ளை உண்மையைச் சொல்லத் தயங்கும். பரீட்சையில் தவறியதை மறைக்கும். பலமுறை நடக்கும் தவறு இது, நல்ல மனதால்தான் நடக்கிறது.

குடும்ப மரம் வரைவதை வகுப்பில் முதல் கருவியாகச் சொல்லித்தருகிறார்கள். இந்தப் பிள்ளைகளோடு அதைத் தொடவேண்டாம் என்பது எங்கள் உறுதியான கருத்து. வெற்றுத்தாளைப் பார்த்து அந்தப் பிள்ளை என்ன உணரும்? அதற்குப் பதிலாக நடுவில் ஒரு வட்டம் போட்டு, சுற்றிவர ஆட்களை எழுதும் சூழல் வரைபடத்தைப் பயன்படுத்துங்கள். கேள்வி ஒன்றே ஒன்று: இரவு ஒன்பது மணிக்குக் காய்ச்சலென்றால் யாருக்கு அழைப்பாய்? சம்பளத்துக்காகப் பிள்ளையைப் பார்க்கும் ஆட்களை மெல்லிய கோட்டிலும் மற்றவர்களைத் தடித்த கோட்டிலும் இணையுங்கள். மூன்றாம் கிழமையில் ஒரு தடித்த கோடும் இல்லாமல் இருக்கலாம். பன்னிரண்டாம் கிழமைக்குள் இரண்டு அல்லது மூன்று வர வேண்டும்: ஒரு ரியூசன் ஆசிரியர், முந்தி அதே இல்லத்தில் இருந்து இப்போது வேலை செய்யும் ஒரு அண்ணா, கோயிலிலோ பள்ளிவாசலிலோ தேவாலயத்திலோ பழகிய ஒரு குடும்பம், தாயின் தங்கை. பயிற்சியாளர் தன் பெயரைப் படத்தில் எழுதினால் அதைப் புள்ளிக்கோட்டில் எழுதி, பக்கத்தில் முடிவுத் திகதியையும் போட வேண்டும்.

வளாகத்தில் முதல் கிழமை எல்லோரும் கேட்பது, "எந்த ஊர்? அப்பா என்ன செய்யிறார்?" இதற்குப் பிள்ளை முன்கூட்டியே ஒரு பதிலைத் தன் வாயில் பழகியிருக்க வேண்டும். பொய் சொல்லப் பழக்காதீர்கள். நாலு வருடம் அதைக் காப்பாற்றுவது பெரும் பாடு. "நான் திருகோணமலையில ஹொஸ்டலில நிண்டு படிச்சனான், சொந்த இடம் ஈச்சிலம்பற்று" என்று உண்மையின் ஒரு பகுதியைச் சொன்னால் போதும். பகிடிவதையில் இதே கேள்வி கூர்மையாக வரும். சில பிள்ளைகள் சொன்னதெல்லாம் செய்துவிடுவார்கள், சிலர் கைநீட்டிவிடுவார்கள். இரண்டையும் எதிர்பாருங்கள். பகிடிவதையைத் தடைசெய்யும் 1998 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டத்தையும் மாணவர் ஆலோசகரிடம் முறையிடும் வழியையும் முதல் விரிவுரைக்கு முன்னர் சொல்லிவையுங்கள். மனம் மிக நொந்த இரவுகளுக்கு 1926 என்ற தேசிய உளநல உதவி இலக்கம் பிள்ளையின் போனில் பதிவாகியிருக்கட்டும்.

விடுதிக்கு இல்லத்தின் பெயர் எழுதிய வாகனத்தில் போகாதீர்கள். விடுதிப் பொறுப்பாளரிடம் "இது எங்கட இல்லத்துப் பிள்ளை, கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்க" என்று சொல்வது பரிவாகத்தான் தோன்றும். மறுநாள் அறை முழுக்கத் தெரிந்துவிடும். யாரிடம் எதைச் சொல்லலாம் என்பதைப் பிள்ளையிடம் எழுத்தில் சம்மதம் வாங்கி, அந்தத் தாளுக்கு வெளியே ஒரு சொல்லும் பேசாதீர்கள். களப்பயிற்சி அறிக்கையிலும் அப்படித்தான். பெயரை மாற்றினால் போதாது. இல்லம், பாடம், வருடம் மூன்றும் சேர்ந்தால் இந்தச் சின்ன நகரத்தில் ஆள் யாரென்று தெரிந்துவிடும். இரண்டையாவது மாற்றுங்கள்.

விடுமுறை நாட்களை நான்காம் கிழமையிலேயே நாட்காட்டியில் குறியுங்கள். தைப்பொங்கல், சித்திரை வருடப்பிறப்பு, பெருநாள், நத்தார், தவணை விடுமுறை. அறைத்தோழர்கள் பையோடு கிளம்பும் பின்னேரம் பிள்ளை எங்கே போகும், எங்கே படுக்கும், யார் சமைப்பார்? "பார்த்துக்கொள்ளலாம்" என்ற பதிலை ஏற்காதீர்கள். ஒரு வீட்டின் பெயரும் அந்த வீட்டாரின் "ஓம்" என்ற சொல்லும் வேண்டும். வரவு குறைவதும் இந்த நாட்களை ஒட்டித்தான். பல பீடங்களில் 80 வீத வரவு கேட்பார்கள். கிளினிக்குக்கோ நீதிமன்றத்துக்கோ போன நாளுக்கு அன்றே கடிதம் எடுத்துக் கொடுக்கப் பிள்ளை பழகாவிட்டால், படித்த பாடத்துக்கே பரீட்சை எழுத முடியாமல் போகும்.

வாய்மொழிப் பரீட்சையில் மாணவர்கள் கோட்பாடுகளை அடுக்குகிறார்கள். பரீட்சகராக இருப்பவர்கள் முதலில் கேட்க வேண்டியது, "நீங்கள் போன பிறகு இந்தப் பிள்ளைக்கு யார்?" இரண்டு சூழல் வரைபடங்களையும், மூன்றாம் கிழமையதையும் பன்னிரண்டாம் கிழமையதையும், மேசையில் வைத்து விளக்கக்கூடியவருக்குத்தான் புள்ளி.

அக்கா, அண்ணா என்று கூப்பிடுவதை நிறுத்தச் சொல்லாதீர்கள். இங்கே வேறு எப்படிக் கூப்பிடுவது? முதல் சந்திப்பில் அந்தச் சொல்லோடு திகதியையும் சேர்த்துச் சொன்னால் போதும்: "அக்கா எண்டே கூப்பிடுங்க. மார்கழி 12 வரைக்கும் செவ்வாயும் வியாழனும் வருவன். பிறகு வரமாட்டன்." பத்தாம் கிழமையில் மறுபடி சொல்லுங்கள், பதின்மூன்றிலும் சொல்லுங்கள். அந்தக் கிழமைகளில் பிள்ளை சந்திப்புக்கு வராமல் விடும், சில்லறை விசயத்துக்குக் கோபிக்கும். வந்து காத்திருங்கள், நேரம் முடியும்வரை இருந்துவிட்டு, வந்து போனதாக ஒரு துண்டு எழுதி வைத்துவிட்டுப் போங்கள். கடைசிச் சந்திப்பில் கோப்பை ஒவ்வொரு தாளாக எண்ணிப் பிள்ளையிடம் ஒப்படையுங்கள். பட்டியலில் இருவரும் கையொப்பமிட வேண்டும். உங்கள் களக்குறிப்புகளை மேற்பார்வையாளர் முன்னிலையில் கிழித்துவிடுங்கள். பெறுபேறு வரும் நாளில் பிள்ளையின் முதல் அழைப்பு யாருக்கு என்பதையும் அந்த மேசையிலேயே கேட்டு, அந்த ஆளின் இலக்கத்துக்குப் பிள்ளை ஒரு தடவை அழைத்துப் பேசி முடித்த பிறகு எழும்புங்கள்.