ஒரு சுற்று

போன வருஷம் செகண்ட் ஹேண்டில் ஒரு இசுசு டி-மேக்ஸ் பிக்கப் வாங்கினேன். பெங்களூர் மர்ஃபி டவுன் சந்துக்குள் அதை நிறுத்துவதே ஒரு வித்தை. அது போதாதென்று அதைத் தாழ்த்தவும் ஆசை. தரையோடு இழைந்து போகும் அமெரிக்கா பிக்கப் போட்டோக்களைப் பார்த்துப் பார்த்துக் கெட்டுப்போன கண். தாழ்த்துவதற்கென்றே வரும் ஸ்பிரிங் வாங்கக் காசில்லை. இருக்கிற ஸ்பிரிங்கை வெட்டிக் குட்டையாக்கக் கட்டிங் வீல் மலிவு.

லிங்கராஜபுரத்தில் பட்டறை வைத்திருக்கும் வாணியம்பாடி அண்ணனிடம் போனேன். "அரைச் சுற்று எடுப்போம் தம்பி. ஓட்டிப் பாத்துட்டு வா. வெட்டினதை ஒட்ட முடியாது" என்றார்.

"முழுசா ஒண்ணு எடுங்கண்ணே."

முன்பக்கத்து ஷாக் அப்ஸார்பரோடு சேர்த்து ஸ்பிரிங்கை இறக்கினார். ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கும் கம்ப்ரஸர் போட்டு முறுக்கும்போது என்னை எதிரில் நிற்கவிடவில்லை. பிடி நழுவினால் ஆளை அடித்துவிடும். கழற்றி, சாக்பீஸில் கோடு போட்டார். பையன் கேஸ் கட்டரைத் தூக்கிக்கொண்டு வர, "அதை அந்தப் பக்கம் கொண்டு போடா" என்று ஒரு அதட்டல். நெருப்புப் பட்டால் ஸ்பிரிங் இரும்பின் பதம் போய்விடும். நாலே நாளில் உட்கார்ந்துவிடும். கிரைண்டரில் கொஞ்சம் வெட்டுவார், ஈரத்துணி வைப்பார், மறுபடி வெட்டுவார். 'டங்' என்று ஒரு வளையம் தரையில் விழுந்தது.

திரும்ப மாட்டும்போதுதான் ஒன்றைக் கவனித்தேன். மேல் நட் கம்ப்ரஸர் இல்லாமலே ஏறிவிட்டது. அண்ணன் ஒரு நிமிஷம் அதையே பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டிருக்கணும்.

வண்டியின் முன்பக்கம் ஏழு சென்டிமீட்டர் இறங்கியது. ஸ்பிரிங் சக்கரத்துக்கு நேர் மேலே இல்லை, சக்கரத்தை வண்டியோடு இணைக்கும் லோயர் ஆர்மின் நடுவில் உட்கார்ந்திருக்கிறது. அங்கே ஒரு விரல்கடை குறைத்தால் சக்கரத்தில் கிட்டத்தட்ட ரெண்டு விரல்கடை. பின்னாடி கமான் பட்டையைத் தொடவில்லை என்பதால் முட்ட வரும் மாடு மாதிரி தலையைக் குனிந்து நின்றது. அப்போது அதுவும் அழகாகத்தான் தெரிந்தது.

அமுங்கிக் கொடுக்க ஏழு சுற்று இருந்த இடத்தில் இப்போது ஆறு. எடை அதேதான், ஆனால் விறைப்பு ஆறில் ஒரு பங்கு கூடிவிட்டது. விறைப்புகூடப் பரவாயில்லை, சக்கரம் மேலே ஏறி இடிக்காமல் தடுக்கும் பம்ப் ஸ்டாப் ரப்பருக்கு இருந்த இடைவெளி பாதியாகிவிட்டதுதான் கொடுமை. ரோடுகளுக்கு அளவு வகுக்கும் இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் கணக்குப்படி ஹம்ப் 10 செ.மீ. உயரம், 3.7 மீட்டர் அகலம் இருக்கணும். எங்கள் ஏரியா ஹம்ப் ஒன்றுகூட அந்தப் புத்தகத்தைப் படித்ததில்லை. ஒவ்வொன்றிலும் 'டம்' என்று முதுகுத்தண்டில் இறங்கும். அம்மா ஒரே ஒரு தடவை ஹலசூர் மார்க்கெட் வரை வந்தார். திரும்பி வந்தது ஆட்டோவில். மூணு மாசத்தில் முன் டயர் ரெண்டின் உள்விளிம்பும் மொழுமொழுவென்று ஆகிவிட்டது. அலைன்மென்ட் கடைக்காரர் கேம்பரை, அதாவது சக்கரம் சாய்ந்து நிற்பதை, பார்த்துச் சிரித்தார்.

அத்தனையும் பொறுத்துக்கொண்டேன். ஓசூர் போகும் வழியில் ஒரு பங்சர். ஜாக்கி போட்டுத் தூக்கினேன், சக்கரம் தொங்கியது. கை தற்செயலாக ஸ்பிரிங்கில் பட, அது சுற்றியது. வளையலைச் சுற்றுவது போல ஒற்றை விரலால் சுற்ற முடிந்தது. வெட்டினதில் அவ்வளவு குட்டையாகியிருந்தது; பாரம் இறங்கினால் அதைப் பிடித்துவைக்க ஒன்றுமே இல்லை. வேகமாக ஒரு பள்ளத்தில் சக்கரம் இறங்கி, ஸ்பிரிங் சீட்டைவிட்டு விலகி உட்கார்ந்திருந்தால்? அன்று பட்டறையில் நட் ஏன் அவ்வளவு சுலபமாக ஏறியது என்று அங்கே உட்கார்ந்துகொண்டு புரிந்தது. ஓசூர் போகவில்லை. 30 கிலோமீட்டர் வேகத்தில் ஊர்ந்து வீடு திரும்பினேன்.

மறுநாளே ஜே.சி. ரோட்டில் ஒரிஜினல் ஜோடி வாங்கினேன். மிச்சம் பிடித்த காசைப் போல மூணு மடங்கு ஆனது, டயர் தனி. அண்ணன் இந்தத் தடவை கம்ப்ரஸரை மூச்சுப்பிடித்து முறுக்கவேண்டியிருந்தது. "இப்பதான் சரி" என்றார்.

வெட்டின வளையங்களில் ஒன்றை அம்மா மொட்டைமாடியில் மண்பானைக்குப் பிரிமனையாக வைத்திருக்கிறார். சுருள் இல்லையா, ஒரு முனை தூக்கிக்கொண்டு நிற்கும், பானை ஆடும். அடியில் ஒரு ஓட்டுச்சில்லைச் செருகியிருக்கிறார்.