கன்னடியன் கால் போன வழி

பிப்ரவரி 7, 2025, வெள்ளி இரவு, கல்லிடைக்குறிச்சி

பாளையங்கோட்டையில் பிறந்து வளர்ந்தவன் நான். தாமிரபரணி என்றால் வண்ணார்பேட்டை பாலத்தில் பஸ் ஜன்னல் வழியாக எட்டிப் பார்ப்பது, வருஷத்துக்கு இரண்டு தடவை குறுக்குத்துறையில் குளிப்பது, அவ்வளவுதான். இந்த முறை லீவு கிடைத்ததும் ஒரு காரியம் செய்து பார்க்கலாம் என்று தோன்றியது. ஆற்றோடு போகாமல், ஆற்றிலிருந்து பிரியும் கன்னடியன் கால்வாயோடு சைக்கிளில் போவது. இங்கே பக்கத்தில் இருக்கும் அணைக்கட்டில் தொடங்கி, கால் போய் முடிகிற பிராஞ்சேரி குளம் வரை.

பெரியம்மாவிடம் சொன்னதும் சிரித்துவிட்டு, "கால் கரையிலயே போ, நிழல் இருக்கும். ரோட்டுல போவாத, திருச்செந்தூருக்கு நடக்கிற சனம் இருக்கும்" என்றாள். செவ்வாய்க்கிழமை தைப்பூசம் என்பதே எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது.

சாப்பிடும்போது கன்னடியன் கதையையும் சொன்னாள். நோயில் கிடந்த சேர ராஜா எள்ளால் ஒரு பொம்மை செய்து, அதற்குள் பொன்னும் மணியும் நிரப்பி, தன் நோயை அதில் ஏற்றித் தானமாகக் கொடுக்கப் பார்த்தாராம். வாங்க யாரும் வரவில்லை. கன்னட தேசத்திலிருந்து வந்த ஒரு பையன் துணிந்து வாங்கிக்கொண்டான். அதை அம்பாசமுத்திரம் கோயில் குருக்களிடம் பத்திரமாகக் கொடுத்துவிட்டு அவன் பொதிகைக்குப் போக, குருக்கள் முத்தையெல்லாம் எடுத்துக்கொண்டு துவரம்பருப்பை வைத்துவிட்டார். (இந்த இடத்தில் பெரியம்மாவுக்கு இன்றைக்கும் கோபம் வருகிறது.) ஒரு வழியாகச் சொத்து திரும்பக் கிடைத்து, அதில்தான் கால் வெட்டினானாம். ஒரு பசுவைப் போகவிட்டு, அது நடந்த வழியெல்லாம் கால், கோமியம் விட்ட இடத்தில் மடை, படுத்த இடத்தில் குளம். நாளைக்கு நான் போகப்போவது அந்தப் பசு போன வழியில்.

பெரியப்பாவின் பழைய கறுப்பு சைக்கிளுக்கு எண்ணெய் போட்டு வைத்திருக்கிறேன். பெல் அடிக்கவில்லை, பிரேக் பிடிக்கிறது.

பிப்ரவரி 8, சனி, வீரவநல்லூர்

காலை ஆறரைக்கு அணைக்கட்டில் நின்றேன். ஆற்றுக்குக் குறுக்கே கல் கட்டு, அதன் மேல் மெல்லிசாகத் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. கரையோரம் கால் பிரிகிறது. படித்துறையில் இரண்டு பேர் குளித்துக்கொண்டிருந்தார்கள், நான் வழக்கம்போல நாலைந்து படம் எடுத்துக்கொண்டு கிளம்பினேன். தாமிரபரணியில் இப்படி எட்டு அணைக்கட்டுகள் இருக்கின்றன. மேலே கோடைமேலழகியான், நதியுண்ணி, அதற்கடுத்து இது. கடைசி ஸ்ரீவைகுண்டம். இந்த ஒரு காலை நம்பி மட்டும் 12,500 ஏக்கர்.

கல்லிடைக்குறிச்சியில் பாயை விரித்து அப்பளம் காயப்போட்டிருந்த ஒரு வாசலைத் தாண்டியதும் ஊர் முடிந்து வயல் வந்துவிடுகிறது. பிசானப் பருவத்து நெல் கதிர் வாங்கி நிற்கிறது, சில வயல்கள் பழுத்துவிட்டன. கால் கரையில் ஒற்றையடிப் பாதை, ஒரு பக்கம் தண்ணீர், இன்னொரு பக்கம் நாலடி பள்ளத்தில் நெல். சைக்கிளை நேராகப் பிடிக்கிற யோசனையிலேயே முதல் அரை மணி நேரம் போய்விட்டதால் எதையும் சரியாகப் பார்க்கவில்லை என்பதை ஒத்துக்கொள்கிறேன். அப்புறம் பழகிவிட்டது. மடைக்கு மடை யாராவது நிற்கிறார்கள். துணி துவைப்பவர்கள், மாடு குளிப்பாட்டுபவர்கள், சும்மா உட்கார்ந்திருப்பவர்கள். எல்லோரிடமிருந்தும் ஒரே கேள்வி, "எங்க போறீய?" பிராஞ்சேரி என்று சொன்னால், "அதுக்கு பஸ்ஸு இருக்கே?"

வெள்ளாங்குளியில் கன்னடியன் காலிலிருந்து ஒரு புதுக் கால் பிரிகிறது. வெள்ளம் வரும் காலத்தில் கடலுக்குப் போகிற தண்ணீரைத் தெற்கே திருப்பி, கருமேனியாறு, நம்பியாறு என்று இணைத்து, எம்.எல். தேரி என்கிற செம்மணல் காடு வரை 75 கிலோமீட்டர் கொண்டுபோகிற திட்டம். 2009-இல் ஆரம்பித்தது. பழைய கால் வளைந்து வளைந்து பசு போன மாதிரிதான் போகிறது, புதியது ஸ்கேல் வைத்துக் கோடு போட்டது போல இருக்கிறது. தேரிக்காட்டுக்காரர்களுக்குத் தண்ணீர் போனால் நல்லதுதான், ஆனாலும் சைக்கிள் ஓட்டப் பழைய காலைத்தான் தேர்ந்தெடுப்பேன். புதியதன் கரையில் ஒரு மரம்கூட இல்லை.

வீரவநல்லூரில் நண்பன் வீட்டில் சாப்பிட்டுவிட்டு, வெயில் தாழ்ந்ததும் காலை விட்டு விலகி வடக்கே போனேன், அரிகேசநல்லூர் வழியாகத் திருப்புடைமருதூருக்கு. சங்கீத வித்வான் முத்தையா பாகவதரின் ஊர் வழியாகப் போகிறாய் என்று நண்பனின் அப்பா இரண்டு முறை சொல்லி அனுப்பினார்.

திருப்புடைமருதூரைப் பற்றி என்ன எழுத. கடனா நதி வந்து தாமிரபரணியில் சேரும் இடம். ஆற்றங்கரையில் பெரிய பெரிய மருத மரங்களும் இலுப்பை மரங்களும், அதில் இலைக்குச் சமமாகப் பறவைகள். மஞ்சள் மூக்கு நாரைகள் கூட்டில் நின்றபடி அலகை அலகோடு தட்டுகிற சத்தம் யாரோ மேலே விறகு அடுக்குவது போல இருந்தது. நீர்க்காகம், அரிவாள் மூக்கன், மடையான் எல்லாம் உண்டு. மடையானை மட்டும் பறந்த பிறகுதான் கண்டுபிடிக்க முடிகிறது, உட்கார்ந்திருந்தால் மண் நிறம், எழுந்தால் வெள்ளை. 2005-இல் இந்த இடத்தைப் பறவைகள் காப்பகமாக அறிவித்தார்கள். காடு எதையும் வளைத்துப் போடவில்லை, கோயிலையும் ஊரையும் ஒட்டி நிற்கிற மரங்கள்தான் காப்பகம். நாட்டிலேயே அந்த வகையில் அதுதான் முதலாவது. மரத்தடியில் சைக்கிளை நிறுத்தியது என் முட்டாள்தனம். திரும்பி வந்தபோது சீட் வெள்ளையாக இருந்தது.

நறும்பூநாதர் கோயில் கோபுரத்துக்குள் மரச்சிற்பங்களும் சுவரோவியங்களும் உண்டு என்று கேள்விப்பட்டிருந்தேன், ஆனால் நான் போன நேரத்தில் மேலே ஏற வழியில்லை. சாமியைப் பார்த்தேன். லிங்கம் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கிறது. ஆற்றில் வெள்ளம் போனபோது அக்கரையில் நின்றபடியே கருவூர்ச் சித்தர் கூப்பிட, சத்தம் சரியாகக் கேட்கட்டும் என்று சாமி தலையைச் சாய்த்தாராம். ஆற்றங்கரையில் இருந்தவர்களுக்குத்தான் இப்படி ஒரு கதை தோன்றும். தண்ணீர்ச் சத்தத்தில் அக்கரையில் இருந்து யார் எது சொன்னாலும் நாமும் அப்படித்தானே செய்கிறோம்.

பிப்ரவரி 9, ஞாயிறு, பாளையங்கோட்டை

இன்றைக்குப் பாதிதான் நடந்தது. காருகுறிச்சிக்குச் சற்று முன்னால் உடைமுள் ஏறி முன் டயர் போய்விட்டது. கரையெல்லாம் மருதமும் புங்கையும் இருந்த இடத்தில் இப்போது பாதிக்குப் பாதி உடை மரம். குனிந்து எண்ணினேன், டயரில் மூன்று முள். ஊர் வரை உருட்டிக்கொண்டு போனேன். பானை வனையும் ஒரு வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்த அம்மா, கேட்காமலேயே செம்பில் தண்ணீர் கொடுத்தார், புதுப்பானைத் தண்ணீர், மண் வாசனையோடு. நாதஸ்வரம் அருணாசலம் பிறந்த ஊரில் சைக்கிள் கடையைத் தேடி ஒரு மணி நேரம் அலைந்ததுதான் என் சங்கீத யாத்திரை. கடைக்காரர் டியூபைப் பார்த்துவிட்டு, "இது ஒட்டுப் போட்டு ஒட்டுப் போட்டு ஒட்டுதான் மிச்சம் அண்ணாச்சி, புதுசு மாத்துங்க" என்றார்.

அதற்குள் உச்சி வெயில். சேர்மாதேவி வரை ரோட்டிலேயே போனேன், பெரியம்மா சொன்னது சரி, பச்சை வேட்டியும் பச்சைச் சேலையுமாக நடந்துகொண்டே இருக்கிறார்கள். நடுவில் ஒரு வண்டியில் முருகன், பாட்டு. பெல் இல்லாத சைக்கிளுக்கு அவர்களே பார்த்து வழிவிட்டார்கள்.

சேர்மாதேவியில் மிளகுப் பிள்ளையாரைப் பார்க்க வேண்டும் என்பது ரொம்ப நாள் ஆசை. மழை பொய்த்தால் மிளகை அரைத்துப் பிள்ளையார் மேல் பூசி, குடம் குடமாக ஊற்றி, அந்தத் தண்ணீர் கன்னடியன் காலில் போய்ச் சேரும்படி விடுவார்கள். பிள்ளையாருக்கு எரிச்சல் எடுத்தால் மழை வரும் என்பது கணக்கு. கும்பிடுவதா மிரட்டுவதா என்று தெரியாத இந்த உரிமை எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது.

சைக்கிளை அங்கேயே தெரிந்தவர் வீட்டில் போட்டுவிட்டு பஸ் ஏறி வந்துவிட்டேன். கூட்டம் முடியட்டும்.

பிப்ரவரி 12, புதன், பிராஞ்சேரி

பத்தமடை என்ற பெயரே கன்னடியன் காலின் பத்து மடையிலிருந்து வந்தது என்பார்கள். நான் எண்ணப் பார்த்து நாலோடு விட்டுவிட்டேன்.

பாய் நெய்கிற ஒரு வீட்டில் அரை மணி நேரம் உட்கார விட்டார்கள். ஆற்றோரத்துக் கோரையை அறுத்து, காயவைத்து, ஓடுகிற தண்ணீரில் ஊறப்போட்டு, பிறகு மயிர் போலக் கீறி எடுக்கிறார்கள். பாவுக்கு நூல், ஊடே கோரை. பட்டுப்பாய் என்றால் கைக்குட்டை மாதிரி மடிக்கலாம். 1953-இல் இங்கிலாந்து ராணி முடிசூட்டுக்கு இங்கிருந்து பாய் போன கதையை நான் எடுத்ததும், நெய்துகொண்டிருந்த அக்கா தலை நிமிராமல், "அதத்தான் எல்லாரும் சொல்லுதாங்க, வாங்குறது பிளாஸ்டிக் பாய்தான்" என்றார். நான் ஒரு சாதாரண கோரைப்பாய் வாங்கிக் கேரியரில் கட்டிக்கொண்டேன். அதற்கு மேல் பையில் இல்லை.

பிராஞ்சேரி குளத்தங்கரை ஏறும்போது மணி நாலு. மேலே கரை தொட்டு ஓடிய கால் இங்கே முழங்கால் அளவுக்கு வந்து குளத்தில் விழுகிறது. மதகுப் பக்கம் ஒரு பெரியவர் மண்வெட்டியோடு உட்கார்ந்திருந்தார். எங்கிருந்து வருகிறேன் என்று கேட்டார். அணைக்கட்டிலிருந்து கால் கரையோடு வந்தேன் என்றேன். இத்தனை நாளில், பஸ் இருக்கே என்று கேட்காத முதல் ஆள் அவர்தான்.

"அங்க படித்துறையில எத்தன படி முங்கிக் கெடக்கு?"

எனக்குத் தெரியவில்லை. ஆறரை மணிக்கு அங்கே நின்று வேடிக்கை பார்த்தவன் அதை மட்டும் பார்க்கவில்லை. போனை எடுத்துச் சனிக்கிழமை எடுத்த படத்தைக் காட்டினேன். அவர் வாங்கி, வெயிலுக்குத் துண்டால் மறைத்துக்கொண்டு, விரலால் படத்தைப் பெரிதாக்கச் சொல்லி, தண்ணீருக்கு மேலே தெரிந்த படிகளை ஒவ்வொன்றாக எண்ணினார். இரண்டாவது தடவையும் எண்ணினார்.

"இது என்னைக்கி எடுத்தது?"

"சனிக்கிழமை."

"நாலு நாளாச்சே" என்று போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வயலுக்குள் இறங்கினார்.