வேர் மண்ணை உதறிய வினை

இஸ்ரேலில், பெதா திக்வா ஊரில் ஒரு யூதப் பெரியவரைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தேன். அவரை ‘சபா’ என்று கூப்பிடுவேன், ஹீப்ருவில் தாத்தா. 2016 ஆகஸ்டில் முற்றத்தில் வைக்க ஒரு கொய்யாக் கன்று வாங்கி வரச் சொன்னார். யூதக் காலண்டரில் ஆவ் மாதம் 15-ஆம் தேதிக்குள் நட்டாக வேண்டுமாம். கொளுத்துகிற வெயிலில் யாராவது கன்று நடுவார்களா? ஆனால் அவர் கணக்கே வேறு. நட்ட மரத்தின் முதல் மூன்று வருஷக் காயைத் தொடக்கூடாது என்பது அவர்கள் சட்டம். வேர் பிடிக்க 14 நாள், அதன்பின் 30 நாள், ஆக 44 நாள் யூதப் புத்தாண்டான ரோஷ் ஹஷானாவுக்கு முன் கிடைத்துவிட்டால் அதுவே அந்த மூன்றில் ஒரு முழு வருஷமாகிவிடும்.

கவரைக் கிழித்தால் வேர் சுருண்டு கிடந்தது. பிரித்துவிடலாம் என்று மண்ணை நன்றாக உதறினேன். ஜன்னலிலிருந்து சபா போட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. மரம் பிழைக்கும் அளவுக்கு மண் வேரோடு ஒட்டியிருந்தால் நர்சரியில் வளர்ந்த காலமும் சேர்ந்துவிடுமாம். நான் உதறியதில் கணக்கு முதலிலிருந்து.

தொடக்கூடாத அந்த மூன்று வருஷக் காய்க்கு ஓர்லா என்று பெயர். லேவியராகமம் 19-இல் இருக்கிறது. தமிழ் பைபிளில் ‘விருத்தசேதனமில்லாத’ கனி என்று வரும்; ஊரில் நாங்கள் வேகமாகத் தாண்டிப் போகிற இடம். “நட்டது நான், நான் யூதன் இல்லையே?” என்று கேட்டுப் பார்த்தேன். யார் நட்டாலும் ஓர்லாதான். “சரி, நானாவது சாப்பிடுகிறேன்” என்றேன். உனக்குக் கொடுத்தால் அதுவும் எனக்கு ஆதாயம், அதுவும் ஆகாது என்றார். இலைக்கு மட்டும் தடையில்லை. இருமலுக்குக் கொய்யா இலைக் கஷாயம் போட்டுக் குடித்தேன், அவர் ஒன்றும் சொல்லவில்லை.

2017-இல் வந்த பூக்களைக் கிள்ளிவிட்டேன். 2018-இல் சில காய் தப்பிப் பழுத்தன. செப்டம்பரில் ரோஷ் ஹஷானா வந்து மூன்று வருஷம் முடிந்துவிட்டதே என்று பறிக்கப் போனால், கூடாது. நான்காம் வருஷம் ஷ்வாத் மாதம் 15-க்கு முன் பிஞ்சு விட்டதெல்லாம் ஓர்லாவாம். அது 2019 ஜனவரி 21. முற்றமெல்லாம் கொய்யா வாசம் தூக்குகிறது, நான் பழத்தைப் பொறுக்கிக் குழி தோண்டிப் புதைக்கிறேன். வயிறு எரிந்தது.

அந்த வருஷம் அவருடைய கொள்ளுப்பேரனுக்கு மூன்று வயது. அதுவரை கத்தரி படாத முடி தோள் வரை கிடந்தது. மனிதனும் வயல்வெளி மரம் போலத்தான், அவனுக்கும் மூன்று வருஷம் என்றார்கள். நம் ஊர் மொட்டை ஞாபகம் வந்தது, ஆனால் காதோர முடியை மட்டும் விட்டுவிட்டார்கள்.

2019 இலையுதிர் காலத்தில் பதினொரு பழம். இது நான்காம் வருஷப் பழம், நெத்தா ரெவாய். எருசலேமில் யூதர்களின் கோயில் இருந்த காலத்தில் அங்கே கொண்டுபோய்ச் சாப்பிட வேண்டியது. இப்போது மீட்டால் போதும். ஒரு கரண்டி சர்க்கரை கேட்டார். அதைப் பழத்தின் பக்கத்தில் வைத்து ஹீப்ருவில் ஏதோ சொன்னார். புனிதம் சர்க்கரைக்கு மாறிவிட்டது. தண்ணீரில் கரைத்துத் தொட்டியில் ஊற்றச் சொன்னார்.

ஊற்றினேன். சபாவுக்குப் பல்செட், கொய்யா விதை உள்ளே போய் மாட்டும் என்று நடுச்சதையை வழித்தெடுத்துவிட்டு மெல்லிசாக நறுக்கிக் கொடுத்தேன். வழித்த சதையை உப்பும் மிளகாய்த்தூளும் தூவி நான் சாப்பிட்டேன். தனக்கும் கொஞ்சம் மிளகாய்த்தூள் போடு என்று தட்டை நீட்டினார்.