உரியத் தொடங்கிய அலாய் வீல்கள்

திருவான்மியூரில் கடலுக்கு அரை கிலோமீட்டர் தள்ளிக் குடியிருப்பதால், எங்கள் காரின் அலாய் வீல்கள் (அலுமினியக் கலவைச் சக்கரங்கள்) 6 ஆண்டுகளிலேயே பல்லிளித்துவிட்டன. நடைபாதை விளிம்பில் உரசிய ஓரிடத்திலிருந்து, கிளியர் கோட் எனும் நிறமற்ற மேற்பூச்சுக்கு அடியில் வெண்மையான கோடுகள், ஈர மண்ணில் புழு ஊர்ந்த தடம் போல நெளிந்து பரவியிருந்தன. நகத்தால் கீறியதும் பூச்சு வெங்காயச் சருகாய் உரிந்து வந்தது. அடியில் சாம்பல் கலந்த வெண்பொடி. உப்புக் காற்றின் ஈரம் கீறல் வழியே புகுந்து அலுமினியத்தை அரிப்பதால் வரும் கேடு இது.

முதலில் நானே உப்புத்தாளால் தேய்த்து ஸ்பிரே அடித்தேன். குழிகளில் தங்கிய பொடியை முழுமையாக எடுக்காததால், மழைக்காலம் முடிவதற்குள் அதே இடத்தில் கொப்புளம் கிளம்பியது. அவசரத்துக்குக் கிடைத்த கூலி.

பிறகு பட்டறையில் டயரைக் கழற்றியபோதுதான், அடிக்கடி காற்று இறங்கியதன் காரணமும் தெரிந்தது: டயரின் விளிம்பு பதியும் இடத்திலும் அதே அரிப்பு. பழைய பூச்சை மருந்திட்டு நீக்கி, மணல் வீச்சால் சுத்தம் செய்து, பிரைமருக்கு மேல் பவுடர் கோட்டிங் எனும் உலர்பொடிப் பூச்சைத் தூவி, 180 முதல் 200 டிகிரி செல்சியஸ் வரையிலான சூட்டில் அடுப்பில் வைத்து எடுத்தார்கள். லேத்தில் சீவிப் பளபளப்பாக்கும் டைமண்ட் கட் வேலையை வேண்டாம் என்றேன். ஒவ்வொரு முறை சீவும்போதும் உலோகம் மெலிகிறது, அதற்குக் காவலாக இருப்பதும் மெல்லிய கிளியர் கோட் மட்டுமே. நட்டு உட்காரும் இடங்களில் பூச்சு படியாமல் மறைத்திருந்தார்கள். அங்கே பூச்சு இருந்தால், அது நசுங்கி நட்டு தளரக்கூடும். இருந்தாலும் 100 கிலோமீட்டர் ஓடியதும் முடுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரென்ச்சால் ஒருமுறை முடுக்கிப் பார்த்துக்கொண்டேன்.