தொடங்கியது 5:10, முடிந்தது எப்போது?

மார்ச் 3, 2025, திங்கள்

குடோனில் மறுபடியும் தகராறு. காலை இருப்பு ரிப்போர்ட் 5:45-க்குள் கைக்கு வந்தால்தான் 6 மணிக்கு லோடு ஏற்ற ஆரம்பிக்க முடியும். சில நாள் அது 6 மணியை ஒட்டித்தான் வருகிறது. நைட் ஷிஃப்ட் சூப்பர்வைசர் தூங்கிவிடுகிறார், அதனால்தான் பிரிண்ட் எடுக்கத் தாமதம் என்று அலுவலகத்தில் பேச்சு. அவரைக் கேட்டால், "சிஸ்டமே லேட்டாத்தான் குடுக்குது தம்பி" என்கிறார்.

"எத்தனை நிமிஷம் ஓடுதுன்னு லாக்ல பார்த்துச் சொல்லுங்க" என்றார் மேனேஜர்.

ரிப்போர்ட்டை ஓட்டுவது சர்வரில் இருக்கும் விண்டோஸ் டாஸ்க் ஷெட்யூலர், குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாக ஓட்டுகிற நிரல். தினமும் காலை 5:10. எது எப்போது ஓடியது என்று லாகில் எழுதி வைக்கும் ஹிஸ்டரியை முன்பே ஆன் செய்து வைத்திருந்தது நல்லதாகப் போயிற்று, ஆன் செய்யாவிட்டால் ஒன்றுமே பதிவாகாது. டாஸ்க் தொடங்கினால் 100 என்ற எண்ணில் ஒரு பதிவு, முடிந்தால் 102. ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் போதும் என்று நினைத்தேன்.

மார்ச் 4, செவ்வாய்

பிப்ரவரி 1 முதல் மார்ச் 2 வரை 30 நாள் பதிவுகளை எக்ஸ்எம்எல் என்ற எழுத்துக் கோப்பாக எடுத்தேன். நேரத்தின் முதல் பத்து எழுத்தை வெட்டி அதைத் தேதியாக வைத்தேன். ஒவ்வொரு தேதியிலும் 100-ஐயும் அதற்கடுத்த 102-ஐயும் ஜோடி சேர்த்தேன். சராசரி 13 நிமிடம், அதிகபட்சம் 19. மேனேஜருக்கு அனுப்பிவிட்டேன்.

"அப்போ எல்லா நாளும் 5:29-க்கே ரெடி" என்று பதில் வந்தது. அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

மார்ச் 5, புதன்

அந்த 19 என்னை விடவில்லை. டேட்டாபேஸில் ஓடுகிற வேலை இப்படி ஒரு கோட்டில் வந்து நிற்காது. என்றாவது ஒரு நாள் 25, ஒரு நாள் 30 என்று இழுக்கும். இங்கே சுவர் வைத்த மாதிரி 5:29-ல் எல்லாம் முடிகிறது. எத்தனை ஜோடி என்று எண்ணினேன். 21. நாள்களோ 30. மீதி ஒன்பது நாளும் என் கணக்குக்குள் வரவே இல்லை, நானும் தேடவில்லை.

பிப்ரவரி 3-ஐப் பிரித்துப் பார்த்தேன்.

2025-02-02 23:40:01 — 100
2025-02-03 00:21:37 — 102

பார்த்த உடனே புரிந்துவிட்டது. எக்ஸ்எம்எல்லில் நேரம் யூடிசியில், அதாவது உலகப் பொது நேரத்தில் இருக்கிறது, லாகைத் திரையில் காட்டும் ஈவென்ட் வியூவர்தான் அதை நம் நேரத்துக்கு மாற்றிக் காட்டும். நமக்கு ஐந்தரை மணி நேர வித்தியாசம். அப்படியென்றால் யூடிசியில் தேதி மாறுவது நம் ஊர்க் காலை 5:30-க்கு! 5:30-க்கு முன்னால் முடிந்த ஓட்டங்களுக்கு மட்டும் ஜோடி கிடைத்திருக்கிறது. அதைத் தாண்டியவற்றுக்குத் தொடக்கம் ஒரு தேதியிலும் முடிவு அடுத்த தேதியிலும் போய் விழுந்து, ஜோடி அறுந்துவிட்டது. தாமதமான நாள்களை மட்டும் பொறுக்கி வெளியே தள்ளிவிட்டு, தாமதமே இல்லை என்று சொல்லியிருக்கிறேன்.

அன்று ஓடியது 41 நிமிடம் 36 விநாடி. 5:51-க்கு முடிந்திருக்கிறது. சூப்பர்வைசர் அதற்கு முன்னால் எதைப் பிரிண்ட் எடுப்பார்?

மேனேஜருக்குத் திருத்தம் எழுதினேன். நேற்றைய கணக்கு தவறு, தவறு என்னுடையது, அதை வைத்து யாரையும் எதுவும் கேட்க வேண்டாம் என்று முதல் வரியிலேயே போட்டேன். அப்புறம் சூப்பர்வைசருக்கும் போன் செய்து சொன்னேன். "சரி தம்பி, நல்லாப் பாருங்க" என்றார், அவ்வளவுதான்.

மார்ச் 6, வியாழன்

தேதியைத் தூக்கி எறிந்தாயிற்று. ஒவ்வொரு ஓட்டத்துக்கும் டாஸ்க் ஷெட்யூலர் தனி அடையாள எண் ஒன்று கொடுக்கிறது, 100-லும் 102-லும் அதே எண்தான் இருக்கும். இப்போது அதை வைத்துத்தான் சேர்க்கிறேன். தொடக்கத்துக்கு அடுத்து வருகிற முதல் முடிவை எடுத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். கூடாது. பிப்ரவரி 12-ல் 100 இருக்கிறது, அதே எண்ணில் 102 எங்குமே இல்லை. சிஸ்டம் லாகில் 6008 இருந்தது, அதாவது மெஷின் முறையாக நிறுத்தப்படாமல் அணைந்திருக்கிறது. கரண்ட் போய், யூபிஎஸ்ஸும் தாங்கவில்லை. அடுத்த முடிவு என்று தேடியிருந்தால் மறுநாள் காலை முடிவு வந்து ஒட்டிக்கொண்டு, ஒரு நாளுக்கு மேல் ஓடியதாகக் காட்டியிருக்கும். அந்த வரியில் நேரத்தைக் காலியாக விட்டு, "முடிவுப் பதிவு இல்லை" என்று எழுதினேன். பூஜ்யம் போட்டால் சராசரி கெடும், வரியையே நீக்கினால் பழைய தவறுதான்.

இப்போது 29 ஜோடி. சராசரி 21 நிமிடம். ஆனால் 21 நிமிடம் ஓடிய நாள் ஒன்றுகூட இல்லை. 21 நாள் 19-க்குள், எட்டு நாள் 34 முதல் 52 வரை. அந்த எட்டும் திங்களும் வியாழனும்.

மார்ச் 10, திங்கள்

சனிக்கிழமை, ரிப்போர்ட்டைத் தயாரிக்கும் ஸ்கிரிப்டுக்குள்ளேயும் ஜோடி வைத்தேன். ஒவ்வொரு படிக்கும் ஒரு தொடக்க வரி, ஒரு முடிவு வரி, இரண்டிலும் ஓட்ட எண். கால அளவைக் கடிகார நேரத்தைக் கழித்து எடுக்காமல், ஸ்டாப்வாட்சில் அளந்து முடிவு வரியிலேயே எழுதச் சொல்லியிருக்கிறேன். சர்வர் கடிகாரம் நடுவில் திருத்தப்பட்டால் கழித்தல் பொய் சொல்லும். 2017 புத்தாண்டு நள்ளிரவில், யூடிசிப்படி, பூமியின் சுழற்சியோடு ஒத்துப்போகக் கடிகாரத்தில் கூட்டும் லீப் விநாடி சேர்ந்தபோது, கிளவுட்ஃபிளேர் என்ற இணையச் சேவை நிறுவனத்தின் டிஎன்எஸ் (இணையதளப் பெயருக்கு முகவரி தேடும்) மென்பொருளில் ஒரு கால அளவு மைனஸில் போய், சில தேடல்கள் தோற்றன. அதே ஆண்டு கோ என்ற நிரல் மொழியின் 1.9 பதிப்பில், பின்னால் போகாத கடிகாரம் அளவீட்டுக்குச் சேர்ந்தது.

இன்று காலை 46 நிமிடம். இருப்பு அட்டவணையைப் படிக்கும் படி மட்டும் 33 நிமிடம் எடுத்திருக்கிறது. ஞாயிறன்று அதே படிக்கு 3 நிமிடம்தான். டாஸ்க் ஷெட்யூலர் லாகில், தரவை நகலெடுத்து வைக்கும் பேக்கப்பின் ஜோடியையும் எடுத்து அருகில் வைத்தேன். முழு பேக்கப், திங்களும் வியாழனும், தொடக்கம் 4:30, இன்று முடிந்தது 5:48. இரண்டும் ஒரே டிஸ்க்கைத்தான் இழுத்துக்கொண்டிருக்கின்றன.

பேக்கப்பை முந்தைய நாள் இரவு 11 மணிக்கு மாற்றினேன்.

மார்ச் 13, வியாழன்

பேக்கப்: 23:00 முதல் 00:09 வரை, இரண்டிலும் ஒரே எண். ரிப்போர்ட்: 5:10 முதல் 5:24 வரை. 5:31-க்கு சூப்பர்வைசரிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ வந்தது, பிரிண்டர் தட்டில் முதல் பக்கம்.

ஜோடியில்லாத தொடக்கங்களை எண்ணி, தினமும் காலை 7 மணிக்கு எனக்கு மெயில் போட ஒரு டாஸ்க் வைத்தேன். இன்றைய எண்ணிக்கை 1. அது மெயில் போடுகிற அந்த டாஸ்க்கேதான், எண்ணும்போது அது இன்னும் முடிந்திருக்கவில்லை. நாளை அதைக் கணக்கிலிருந்து விலக்க வேண்டும்.